விளக்குகளுக்குப் பெயர் வைக்கும் இரவு

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடம். ஐந்தாவது மாடி. இரவு பதினொன்றரை மணி. தரைக்கு இன்னும் கார்ப்பெட் வரவில்லை; எங்கு கால் வைத்தாலும் சிமென்ட் தூசி. பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் லேப்டாப்பை வைத்திருக்கிறேன். இருபது அடி தள்ளி, ஒரு கையில் வரைபடமும் மறு கையில் பென்சிலுமாக எலெக்ட்ரீஷியன் அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“அண்ணே, இப்ப எது மினுக்குது?”

“லிஃப்ட் பக்கம் சார். ரெண்டாவது வரிசை, மூணாவது.”

“பன்னெண்டு. எழுதிக்கோங்க.”

அவர் எழுதுகிறார். நான் அடுத்த எண்ணைத் தட்டுகிறேன். கூரையின் வேறொரு மூலையில் வேறொரு விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. இப்படியே 64 தடவை. பிறகு அடுத்த இணைப்பு, அதிலும் 64.

விளக்குக்கு எதற்கு எண் என்று கேட்பவர்கள் உண்டு. நம் வீட்டில் தேவையில்லைதான். ஒரு சுவிட்ச், அதிலிருந்து ஓர் ஒயர், அந்த ஒயரின் முனையில் ஒரு விளக்கு. ஒயர் போகிற வழியே அந்த விளக்கின் முகவரி. ஆனால் அலுவலகக் கட்டடத்தில் சுவர்கள் நிலையாக இருப்பதில்லை. இன்று பத்துப் பேர் உட்கார்ந்து வேலை செய்கிற இடம் அடுத்த ஆண்டு மீட்டிங் ரூம் ஆகும். அதற்கடுத்த ஆண்டு இரண்டு கேபின்களாகப் பிரியும். ஒயர்தான் முகவரி என்றால், ஒவ்வொரு முறையும் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்து ஒயரை மாற்றி இழுக்க வேண்டும். இந்தத் தொல்லையைத் தீர்க்க 1990களின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் விளக்குத் துறை நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொது மொழியை வகுத்தன. அதன் பெயர் டாலி: டிஜிட்டல் அட்ரசபிள் லைட்டிங் இன்டர்ஃபேஸ் என்பதன் சுருக்கம். 2009 முதல் ஐ.இ.சி. 62386 என்ற எண்ணில் சர்வதேசத் தரமாக இருக்கிறது. இதில் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி எண். எந்த எண்கள் எந்த சுவிட்சுக்குக் கட்டுப்படும் என்பதை லேப்டாப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம். சுவர் நகர்ந்தாலும் ஒயர் நகராது.

கூரைக்குள் போகிற கேபிளில் பொதுவாக ஐந்து கம்பிகள் இருக்கும். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் வழக்கமானவை. மற்ற இரண்டும் டாலிக்கு. முதல் மூன்றும் விளக்குக்குச் சோறு போடுகின்றன, பின்னிரண்டும் பேச்சுக்கு. சும்மா இருக்கும்போது அந்த இரண்டு கம்பிகளுக்கிடையே ஏறத்தாழ 16 வோல்ட் நிற்கும். பேச விரும்புகிற கருவி இரண்டையும் ஒரு கணம் ஷார்ட் செய்து வோல்டேஜைக் கீழே இழுக்கும்; விட்டால் மேலே வந்துவிடும். அந்த இணைப்புக்கான பவர் சப்ளை 250 மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது விதி, அதனால் இந்த ஷார்ட்டில் எதுவும் கருகாது. இழுப்பதும் விடுவதும்தான் முழு மொழியும். விநாடிக்கு 1,200 பிட். இன்றைய இணைய வேகத்தின் பக்கத்தில் இது நத்தை, ஆனால் விளக்கிடம் பேச இது தாராளம். வேகம் குறைவு என்பதால்தான் சாதாரண ஒன்றரை ஸ்கொயர் எம்எம் ஒயரில் 300 மீட்டர் தூரம் வரை தடுமாறாமல் பேச முடிகிறது. எந்தக் கம்பி பிளஸ், எந்தக் கம்பி மைனஸ் என்று விளக்கின் பக்கத்தில் பார்க்கவும் வேண்டாம். ஏணியின்மேல் நின்று, தலைக்கு மேலே கை தூக்கி, டார்ச் வெளிச்சத்தில் ஒயர் முறுக்குகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஏன் 64? டாலியில் விளக்குக்குப் போகிற ஒரு கட்டளை 16 பிட் நீளம். முன்னால் எட்டு ‘யாருக்கு’ என்பதற்கு, பின்னால் எட்டு ‘என்ன செய்ய’ என்பதற்கு. ‘யாருக்கு’ என்ற எட்டில் ஒரு பிட், கூப்பிடுவது தனி ஆளையா கூட்டத்தையா என்று சொல்லும். இன்னொரு பிட், பின்னால் வருவது வெளிச்சத்தின் அளவா வேறு கட்டளையா என்று சொல்லும். மிஞ்சுவது ஆறு பிட். ஆறு பிட்டில் 64 எண்களைத்தான் எழுத முடியும்: 0 முதல் 63 வரை. பெரிய கட்டடம் என்றால் இப்படிப்பட்ட இணைப்புகள் பல இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு 0, ஒவ்வொன்றிலும் ஒரு 63.

இனிதான் சிக்கல்.

ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் டிரைவர் என்ற சிறு பெட்டி இருக்கிறது. பழைய டியூப் லைட்டுக்குச் சோக் எப்படியோ, எல்இடிக்கு டிரைவர் அப்படி. டாலி பேசுவது இதனோடுதான். அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த புது டிரைவரின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 255 என்று இருக்கும். ‘இன்னும் பெயர் இல்லை’ என்று அதற்குப் பொருள். இப்படி 64 டிரைவர்கள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, ஒரே ஜோடிக் கம்பியில் தொங்குகின்றன. இந்த இணைப்பைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அவற்றுக்கு ஆளுக்கொரு எண் கொடுக்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது? பெயரில்லாத ஒருவரைத் தனியாகக் கூப்பிட முடியாது. எல்லோரையும் கூப்பிட்டு “உன் பெயர் ஐந்து” என்றால் 64 பேரும் ஐந்தாகிவிடுவார்கள். “யாரெல்லாம் இருக்கிறீர்கள்?” என்றால் 64 பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், கம்பியில் கேட்பது வெறும் இரைச்சல். பெயர் வைக்க ஆளைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆளைப் பிரித்தெடுக்கப் பெயர் வேண்டும்.

இந்த முடிச்சை விரலால் அவிழ்த்தவர்கள் உண்டு. மேடை விளக்குகளுக்காக 1986-ல் வந்த டிஎம்எக்ஸ் முறையில் விளக்கின் முதுகில் வரிசையாகக் குட்டி சுவிட்சுகளை வைத்தார்கள். ஆள் போய் எண்ணை அமைத்துவிட்டு வருவார். ஐரோப்பியக் கட்டடங்களில் பரவலாக இருக்கும் கேஎன்எக்ஸ் முறையில் கருவிக்கு ஒரு பொத்தான் உண்டு. எதன் பொத்தானை அழுத்துகிறோமோ, அந்தக் கருவிதான் இப்போது பெயர் வாங்கிக்கொள்ளும். இரண்டும் நல்ல வழிகள்தான். ஆனால் டாலி டிரைவர் ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஏணி போட்டு, டைலைத் தூக்கி, விரலை நுழைப்பது நடக்கிற காரியமில்லை. கன்ட்ரோலர் இருந்த இடத்திலிருந்தே, யாரையும் தொடாமல் பிரிக்க வேண்டும்.

அது செய்கிற காரியத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இன்றும் அந்தச் சில நிமிடங்கள் லேப்டாப்பை விட்டு நான் எழுந்து போவதில்லை.

முதலில் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு: தயாராகுங்கள். இதை 100 மில்லி விநாடிக்குள் இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஏலம் போடுகிறவர் ஒரு தரம், ரெண்டு தரம் என்று உறுதிப்படுத்திக்கொள்வதைப் போல. ஒரு தடவை மட்டும் கேட்டால் டிரைவர் பொருட்படுத்தாது. ஏதோ ஒரு மின் இரைச்சல் கட்டளைபோல் காதில் விழுந்து, ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் கட்டடத்தில் பெயர்கள் மாறிவிடக் கூடாதே என்ற முன்யோசனை அது. தயாரான டிரைவர் 15 நிமிடம் அந்த நிலையில் இருக்கும். அதற்குள் அழைப்பு தொடராவிட்டால் தானாகவே வழக்கமான வேலைக்குத் திரும்பிவிடும்.

அடுத்தது, சிறு வயதில் நாம் விளையாடிய விளையாட்டு. மனதுக்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறது கன்ட்ரோலர். ஒவ்வொரு டிரைவரும் மனம்போன போக்கில் ஒரு 24 பிட் எண்ணை எடுத்து வைத்துக்கொள்கிறது. 24 பிட் என்றால் 1,67,77,216 எண்களில் ஒன்று. இவ்வளவு பரந்த வெளியில் 64 பேர் ஆளுக்கோர் இடம் பார்த்து உட்காரும்போது, யாரோ இருவர் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 8,300-ல் 1. இப்போது எல்லோரும் வேறு வேறாகிவிட்டார்கள். ஆனால் யார் எந்த எண் என்பது கன்ட்ரோலருக்குத் தெரியாது. சொல்லச் சொன்னால் மறுபடியும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

அதனால் அது “உன் எண் என்ன?” என்று கேட்பதே இல்லை. “உன் எண் இதுவோ இதற்குக் குறைவோ?” என்று மட்டும் கேட்கிறது. ஆமாம் என்கிறவர் ஒரு குரல் கொடுக்க வேண்டும். இல்லை என்கிறவர் வாயே திறக்கக் கூடாது.

நம் ஊரில் மௌனம் சம்மதம். டாலியில் மௌனம் மறுப்பு. இந்த ஒரு விதியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ‘ஆமாம்’ என்பதை ஒருவர் சொன்னாலும் நாற்பது பேர் சொன்னாலும் கம்பியில் வோல்டேஜ் கீழே இழுபடுகிறது. நாற்பது பேர் கொஞ்சம் முன்னே பின்னே இழுப்பதால் பதில் குழம்பிப்போகலாம், குழம்பினால் என்ன? யாரோ பேசினார்கள் என்பது தெரிந்தால் போதும். எந்த மோதல் இந்த வேலையைக் கெடுக்கும் என்று பயந்தோமோ, அந்த மோதலே இங்கே பதில். இரைச்சல் கேட்டால் ‘அந்த எல்லைக்குள் குறைந்தது ஒருவர் இருக்கிறார்’. எதுவும் கேட்காவிட்டால் ‘அங்கே யாருமில்லை’. ‘இல்லை’ என்பதற்கும் ஒரு குரல் வைத்திருந்தால் இந்த அழகு முழுவதும் போயிருக்கும்.

சின்ன எண்களில் ஒரு தடவை நடத்திப் பார்த்தால் விளங்கிவிடும். 1 முதல் 16 வரைதான் எண்கள் என்று வையுங்கள். மூன்று விளக்குகள் 5, 11, 12 என்று நினைத்திருக்கின்றன. நமக்கு அது தெரியாது. எட்டோ அதற்குக் குறைவோ? சத்தம். நான்கோ குறைவோ? மௌனம். ஆறோ குறைவோ? சத்தம். ஐந்தோ குறைவோ? சத்தம். நான்கில் இல்லை, ஐந்தில் இருக்கிறது, ஆகவே ஐந்து. நான்கு கேள்வியில் ஆள் அகப்பட்டார். உடனே, “ஐந்தை நினைத்தவரே, இனி உங்கள் முகவரி 0. இந்த விளையாட்டிலிருந்து விலகிக்கொள்ளுங்கள்.” அது பெயரை வாங்கிக்கொண்டு, இனிவரும் கேள்விகளுக்கு வாய் மூடிக்கொள்கிறது. மறுபடி முதலிலிருந்து. எட்டோ குறைவோ? இப்போது மௌனம். பன்னிரண்டோ குறைவோ? சத்தம்; இரண்டு பேர் சேர்ந்து கத்துகிறார்கள், நமக்குக் கவலையில்லை. பத்தோ? மௌனம். பதினொன்றோ? சத்தம். பதினொன்று அகப்பட்டது, அதற்கு முகவரி 1. அடுத்த சுற்றில் பதினொன்றும் மௌனமாகிவிடும், எனவே பன்னிரண்டு. கடைசியாக “பதினாறோ குறைவோ?” என்று கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். பந்தி முடிந்தது.

ஒவ்வொரு கேள்வியும் மிச்சமிருக்கும் வெளியைப் பாதியாக்குகிறது. பதினாறுக்கு நான்கு கேள்வி என்றால், ஒன்றே முக்கால் கோடியை நெருங்கும் அந்தப் பெரிய வெளிக்கு நாற்பதோ நானூறோ இல்லை, 24 கேள்விதான். 64 விளக்குகளுக்கு 1,536 கேள்விகள். 24 பிட் எண்ணை ஒரே மூச்சில் சொல்ல 16 பிட் வாக்கியத்தில் இடமில்லாததால் மூன்று துண்டாக அனுப்பி, நான்காவதாகக் கேள்வியைக் கேட்க வேண்டும். அப்படியும் ஒரு கேள்விக்கு விநாடியின் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். கணக்குப் போட்டால் மொத்தம் ஏறத்தாழ மூன்று நிமிடம். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக நிரம்பும்: 0, 1, 2, 3. யாரும் ஏணியில் ஏறவில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு மெல்லிய இடம் உண்டு. மனம்போன போக்கில் எண்ணை நினை என்கிறோம். டிரைவருக்கு ஏது மனம்? ஒரே சிப், ஒரே நிரல், ஒரே பிரேக்கரை ஏற்றியதும் ஒரே கணத்தில் உயிர் பெற்றவை. அசட்டையாக எழுதிய நிரல் என்றால் இரண்டும் ஒரே எண்ணையே ‘மனம்போன போக்கில்’ நினைக்கும். நல்ல வடிவமைப்பாளர் அதற்குக் கருவியின் குறைகளையே பயன்படுத்திக்கொள்வார். எந்த இரண்டு கடிகாரமும் நுணுக்கமாகப் பார்த்தால் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. எந்த இரண்டு அளவுமானியும் வோல்டேஜின் கடைசி இலக்கத்தை ஒன்றாகப் படிப்பதில்லை. அந்த நடுக்கத்திலிருந்து எண் பிறக்கும். அதையும் மீறி இரட்டையர் அமைந்துவிட்டால் இரண்டு விளக்குக்கும் ஒரே பெயர் போய்விடும். ஒன்றை மினுக்கச் சொன்னால் கூரையில் இரண்டு மினுக்கும். அந்த இரண்டின் பெயரையும் அழித்துவிட்டு, அவற்றை மட்டும் மறுபடி எண் நினைக்கச் சொல்ல வேண்டும்.

மூன்று நிமிடத்தில் பெயர் சூட்டல் முடிந்துவிட்டது என்றேன். அப்படியானால் இரவு பதினொன்றரைக்கு நாங்கள் ஏன் அங்கே நிற்கிறோம்?

விளக்குகள் எந்த வரிசையில் பெயர் பெற்றன என்று பாருங்கள். மனதில் நினைத்த எண்ணின் வரிசையில். அதாவது குலுக்கல் வரிசையில். கூரையில் அடுத்தடுத்து இருப்பவை அடுத்தடுத்த எண் பெற எந்தக் காரணமும் இல்லை. லிஃப்ட் பக்கத்தில் 12 என்றால், அதை ஒட்டி 47 இருக்கலாம், அதற்கடுத்து 3 இருக்கலாம். கன்ட்ரோலருக்கு 64 பேரும் வேறு வேறு என்று தெரியும். கூப்பிட்டால் ஒவ்வொருவரும் பதில் சொல்வார்கள் என்று தெரியும். யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. கம்பியில் எந்த இடத்திலிருந்து குரல் வந்தாலும் ஒன்றுபோலவே கேட்கிறது.

டியூப் லைட் காலத்தில் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். விளக்கின் டியூபைக் கழற்றினால் அதன் பேலஸ்ட் ‘என்னைத்தான் தொட்டார்கள்’ என்று உணர்ந்து, அப்போது கேட்கும் கேள்விக்கு அது மட்டும் பதில் சொல்லும். எந்த டியூபைக் கழற்றினோம் என்பது நமக்குத் தெரியுமல்லவா? அதனால் பெயரும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடும். எல்இடி வந்தபின் கழற்ற எதுவுமில்லை. ஆகவே கண் வேண்டும். ஓர் ஆள் எண்ணைச் சொல்லி மினுக்க வைக்க, இன்னோர் ஆள் பார்த்து வரைபடத்தில் குறிக்க வேண்டும். இந்தத் தாள் இல்லாவிட்டால் அந்த மூன்று நிமிட வித்தையால் ஒரு பயனும் இல்லை.

அதன் அருமையை நான் வேலைக்கு வந்த புதிதில் கற்றுக்கொண்டேன். வேறொரு கட்டடம். ஒரு பகுதிக்கு மின்சாரம் வராததால் ஆறு விளக்குகள் முதல் நாள் பெயர் வாங்கவில்லை. மற்ற 58-க்கும் பெயர் வைத்து, மினுக்கிப் பார்த்து, தாளில் ஏற்றி முடிக்க நள்ளிரவு தாண்டியது. மறுநாள் அந்த ஆறுக்கும் மின்சாரம் வந்தது. ‘தயாராகுங்கள்’ என்ற கட்டளையோடு ஒரு சிறு எண் போகும்: 0 என்றால் எல்லோரும், 255 என்றால் பெயரில்லாதவர்கள் மட்டும். திரையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தேர்வுகள். நான் முதலாவதைத் தொட்டுவிட்டேன். மூன்று நிமிடத்தில் 64 பேரும் புதிதாக எண் நினைத்து, புதிதாகப் பெயர் வாங்கிக்கொண்டார்கள். கூரையைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எல்லா விளக்குகளும் முன்போலவே எரிந்தன. மீட்டிங் ரூம் பொத்தானை அழுத்தினேன். நடைபாதையில் இரண்டும், கேன்டீன் பக்கம் ஒன்றும் அணைந்தன. நேற்றைய தாள் முழுவதும் வீண். அன்றிரவும் அந்த எலெக்ட்ரீஷியன் ஒரு வார்த்தை சொல்லாமல் மறுபடி அண்ணாந்து நின்றார். அந்தக் கழுத்து வலியை நான் மறக்கவில்லை. இப்போதெல்லாம் அந்தத் தேர்வைத் தொடும்முன் விரலை எடுத்துவிட்டு ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கிறேன்.

மீட்டிங் ரூம் விளக்கு மாறி அணைந்தால் சரி செய்துகொள்ளலாம். எமர்ஜென்சி விளக்கில் அப்படி விட முடியாது. மின்சாரம் போனதும் பேட்டரியில் எரிந்து படிக்கட்டுக்கு வழி காட்டுகிற விளக்குகள் அவை. டாலியில் அவற்றுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. பேட்டரியைக் குறித்த நேரத்தில் தானாகவே சோதித்துப் பார்த்து, எந்த எண் தேறவில்லை என்று அறிக்கை கொடுக்கும். ‘23-ல் பேட்டரி போய்விட்டது’ என்று அறிக்கை வருகிறது. தாளில் 23 தவறான இடத்தில் இருந்தால் பராமரிப்பு ஆள் நல்ல விளக்கின் பேட்டரியை மாற்றிவிட்டு இறங்குவார். கெட்ட விளக்கு, தேவைப்படுகிற அன்று, இருட்டாகவே இருக்கும்.

பெயர் வைத்த பின்னும் வாழ்க்கை இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து ஒரு டிரைவர் கெட்டுப்போகும். புதிதை மாட்டுவார்கள், அது 255 என்ற நிலையில் வந்து நிற்கும். நல்ல கன்ட்ரோலர், ‘37 பேசவில்லை, பெயரில்லாத ஒருவர் புதிதாக வந்திருக்கிறார்’ என்று கண்டு, 37-ஐயும் அது சேர்ந்திருந்த குழுக்களையும் புதியவருக்குக் கொடுத்துவிடும். தாளில் ஓர் எழுத்துக்கூட மாற்ற வேண்டாம். ஆனால் ஒரே நாளில் இரண்டு கெட்டு, இரண்டையும் மாற்றினால்? யார் 37, யார் 52 என்று அதற்குத் தெரியாது. மறுபடியும் ஓர் ஆள் கூரையைப் பார்க்க வேண்டியதுதான்.

அந்த ஐந்தாவது மாடிக்குத் திரும்புகிறேன். வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. தாளில் 63 வட்டங்களுக்குள் 63 எண்கள். 41 மட்டும் பாக்கி. தட்டினேன். திரையில் 41 பதில் சொல்கிறது: இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன், இப்போது மினுக்கிக்கொண்டிருக்கிறேன். கூரையில் எதுவும் அசையவில்லை.

“எதுவும் மினுக்கல சார்.”

“இல்லண்ணே, இருக்கு. பதில் வருது.”

வரைபடத்தை மறுபடி எண்ணினோம். இந்தப் பகுதிக்கு 63 வட்டங்கள்தான். இணைப்பில் 64 பேர். அண்ணன் டாய்லெட் பக்கம் போய்ப் பார்த்தார். எலெக்ட்ரிகல் ரூமைத் திறந்து பார்த்தார். பேன்ட்ரியில் தலையை நீட்டினார். பிறகு சத்தமே இல்லை. நான் 41-ஐ நிறுத்தாமல் மினுக்க விட்டுக் காத்திருந்தேன்.

கனமான கதவு ஒன்று திறக்கிற ஒலி. அதன் பின்னால், எதிரொலியோடு அவர் குரல்.

“சார், இங்க மாடிப்படியில ஒண்ணு மினுக்குது!”

தாளின் ஓரத்தில், வட்டமே வரையாத இடத்தில், புதிதாக ஒரு வட்டம் போட்டு 41 என்று எழுதினேன்.